பிழையோடு பழகுதல்

1949-ஆம் ஆண்டு மே மாதம் 6-ஆம் தேதி, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மாரிஸ் வில்க்ஸ் என்பவரின் தலைமையில் உருவான எட்சாக் என்னும் கணிப்பொறி, முதன்முதலாக ஒரு நிரலை முழுமையாக இயக்கி, எண்களின் வர்க்கங்களை வரிசையாக அச்சடித்துக் கொடுத்தது. அந்தச் சிறு நிரல் ஓடியதைக் கண்டு உற்சாகமடைந்த வில்க்ஸ், சற்றே பெரிய காரியம் ஒன்றில் இறங்கி, ஏரி என்னும் வானியல் அறிஞரின் பெயரால் வழங்கும் வகைக்கெழுச் சமன்பாடு ஒன்றைத் தீர்ப்பதற்கான நிரலைத் தாமே எழுதித் துளை நாடாவில் பதித்தார், அது ஓடவில்லை. திருத்தினார், மீண்டும் ஓடவில்லை. நாடாவில் துளையிடும் இடத்திற்கும் கணிப்பொறி இருந்த அறைக்கும் இடையே படியேறி இறங்கிக்கொண்டிருந்த ஒரு வேளையில், தம் வாழ்நாளில் எஞ்சியிருக்கும் காலத்தின் பெரும்பகுதி தம்முடைய நிரல்களில் உள்ள பிழைகளைத் தேடுவதிலேயே கழியப்போகிறது என்ற உண்மை திடீரெனத் தமக்குப் புலப்பட்டதாக அவர் பிற்காலத்தில் தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். அந்த நாடாவைப் பல்லாண்டுகளுக்குப் பின் எடுத்து ஆராய்ந்தபோது, 126 கட்டளைகளே கொண்ட அந்த நிரலில் சுமார் 20 பிழைகள் இருந்தமை தெரியவந்தது.

கணிப்பொறியைக் கட்டியவருக்கே நிலைமை இதுவாக இருக்க, நேற்று லேப் வகுப்பில் முதன்முறையாக உட்கார்ந்த மாணவர் ஒருவர், தாம் எழுதிய பத்து வரி நிரல் ஓடாததைக் கண்டு, இந்த வித்தை தமக்கு வராது என்று முடிவுகட்டிவிடுவது எவ்வளவு பெரிய அநியாயம்! அந்த முடிவுக்கு அவர் வருவதற்குக் காரணம், அக்கம்பக்கத்தில் அமர்ந்திருப்பவர்களின் திரைகளில் சரியான விடைகள் தோன்றுவதை அவர் காண்கிறாரேயன்றி, அவ்விடைகளுக்கு முன்னால் அவர்கள் பட்ட அவஸ்தைகளைக் காண்பதில்லை என்பதுதான். இந்த அதிகாரத்தில் நேர்மையையும் விடாமுயற்சியையும் ஒருசேரப் பேச எடுத்துக்கொண்டதற்கும் காரணம் உண்டு. நிரலாக்கத்தில் இவை இரண்டு குணங்களாகப் பிரிந்து நிற்பதில்லை. தன் பிழையை மறைக்காமல் முகத்துக்கு முகம் பார்க்கிறவருக்கே அதனோடு மல்லாட ஒரு பிடி கிடைக்கிறது. மல்லாடச் சக்தியில்லாது போகும்போதுதான், நல்ல பிள்ளைகள்கூட அடுத்தவரின் பென் டிரைவை நோக்கிக் கையை நீட்டுகிறார்கள்.

நம் பொறியியற் கல்லூரிகளின் ரெக்கார்டு நோட்டை எடுத்துப் பாருங்கள். நோக்கம், அல்காரிதம், புரோகிராம், அவுட்புட், ரிசல்ட் என்ற தலைப்புகளில் ஒவ்வொரு பயிற்சியும் அழகான கையெழுத்தில் எழுதப்பட்டு, இறுதியில், நிரல் வெற்றிகரமாக இயக்கப்பட்டு விடை சரிபார்க்கப்பட்டது என்ற பொருள்படும் ஆங்கில வாக்கியம் ஒன்று தவறாமல் இடம்பெற்றிருக்கும். முந்தைய ஆண்டு மாணவரின் நோட்டைப் பார்த்து, நிரலையும் அதன் விடையையும் முந்திய இரவே விடுதியில் எழுதி முடித்துவிட்டு, மறுநாள் கையொப்பம் வாங்கிக்கொள்ளும் வழக்கம் எவ்வளவு பரவலானது என்பதை இந்நூலைப் படிப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எதுவும் இயக்கப்படவில்லை, எதுவும் சரிபார்க்கப்படவில்லை. எல்லோரும் எழுதுகிறார்கள் என்பதால் அந்த வாக்கியம் ஒரு சம்பிரதாயம் போலத் தோன்றினாலும், ஒரு மாணவர் தம் தொழிலைப் பற்றி எழுத்துமூலமாகச் சொல்லும் முதற் பொய் அதுதான் என்பதே என் அபிப்பிராயம். ஆகவே, வேறு எதைக் கடைப்பிடிக்க முடியாவிட்டாலும், அந்த வரியை மட்டும் நிரல் உண்மையிலேயே தம் கண்முன் ஓடிய பிறகுதான் எழுதுவது என்ற விரதத்தை இந்நூலின் வாசகர்கள் மேற்கொள்ள வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

இயக்குதல், சரிபார்த்தல் என்னும் இரண்டும் வேறு வேறு என்பதை ஒரு சிறு உதாரணத்தால் விளக்குகிறேன். மூன்று பாடங்களின் மதிப்பெண்களை வாங்கிச் சராசரி காணும் நிரலைச் சி மொழியில் ஒரு மாணவி எழுதுகிறாள் என்று கொள்வோம். மதிப்பெண்களையும் மொத்தத்தையும் முழு எண்களாகவும், சராசரியைப் பின்னம் ஏற்கும் ஃப்ளோட் வகையாகவும் அறிவித்து, மொத்தத்தை 3 ஆல் வகுத்துச் சராசரியில் இடுகிறாள். 70, 75, 80 என்று கொடுத்துப் பார்க்கிறாள்; 75.000000 என்று விடை வருகிறது. சரிதான். இங்கேயே எழுந்து போய்விட்டால் அவள் வேலை முடிந்தது. ஆனால் சிரத்தையுள்ளவளாதலால், கடைசி மதிப்பெண்ணை 81 ஆக மாற்றி மீண்டும் இயக்குகிறாள், இப்போதும் 75.000000 என்றே வருகிறது. மொத்தம் 226, அதை 3 ஆல் வகுத்தால் 75.33 வர வேண்டுமே!

இந்த இடத்தில் பெரும்பாலோர் செய்வது என்ன? அச்சிடும் வரியில் உள்ள குறியீட்டை மாற்றிப் பார்க்கிறார்கள். பிறகு ஒரு வேரியபிளின் வகையை மாற்றுகிறார்கள். இரண்டு வரிகளை இடம் மாற்றுகிறார்கள். ஒன்றும் தோன்றாதபோது எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுகிறார்கள். எது காரணம் என்று தெரியாமலே ஒருவேளை சரியான விடை வந்துவிட்டால், அதைவிடப் பெரிய நஷ்டம் வேறில்லை. ஏனெனில் அந்தப் பிழை கற்பிக்க வந்ததைக் கற்பிக்காமலே போய்விடுகிறது.

செய்ய வேண்டிய முறை வேறு. ஒரு தாளை எடுத்து, ஒவ்வொரு வேரியபிளுக்கும் ஒரு பத்தியாகக் கோடு கிழித்து, நிரலின் முதல் வரியிலிருந்து தொடங்கி, கணிப்பொறியின் இடத்தில் தம்மையே வைத்து, ஒவ்வொரு வரியும் முடிந்த பின் எந்தப் பத்தியில் என்ன மதிப்பு நிற்கிறது என்று எழுதிக்கொண்டே வர வேண்டும். மொத்தத்தின் பத்தியில் 226 என்று விழும்வரை ஐயமில்லை. அடுத்த வரியில், 226 என்ற முழு எண்ணை 3 என்ற முழு எண் வகுக்கிறது. சி மொழியின் விதிப்படி, முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் மீதி தள்ளப்பட்டு முழு எண்ணே எஞ்சும். ஆக, சராசரி என்னும் பாத்திரம் பின்னத்தை ஏற்கக்கூடியதாக இருந்தும், அங்கே வந்து சேர்வதற்கு முன்பே பின்னம் போய்விட்டது. 3 என்பதை 3.0 என்று எழுதினால் போதும். இதைத் தானே கண்டுபிடித்தவள், பின்னாளில் பைத்தான் மொழிக்குப் போய், அங்கே ஒற்றைச் சாய்கோடு பின்னத்தோடு வகுப்பதையும் இரட்டைச் சாய்கோடு முழு எண்ணாகக் குறைப்பதையும் காணும்போது, இரண்டு குறிகள் எதற்காக என்று யாரையும் கேட்க மாட்டாள். பக்கத்து இருக்கையில் இருந்தவரின் நிரலைப் பார்த்து 3.0 என்று எழுதிக்கொண்டவருக்கோ, அந்தப் புள்ளியும் சுழியும் அர்த்தமற்ற இரண்டு எழுத்துகளாகவே இருக்கும். வைவாவில் அதைப் பற்றிக் கேட்டால் முகம் வெளுக்கும்.

கம்பைலர் காட்டும் பிழைச் செய்தியையும் இதே நிதானத்தோடு படிக்க வேண்டும். ஒரு செமிகோலன் விடுபட்டதற்காகப் பத்துப் பதினைந்து பிழைகள் திரையை நிரப்பினால் பதற வேண்டியதில்லை. முதலில் உள்ளதை மட்டும் படித்து, அது சுட்டும் வரியையும் அதற்கு முந்திய வரியையும் பார்த்து, அதை மட்டும் திருத்தி மீண்டும் இயக்கினால், மற்றவற்றுள் பல தாமே மறைந்துவிடும். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம், அந்த மாற்றத்தால் இன்னது நிகழும் என்று முன்கூட்டியே ஓர் ஊகம், ஊகம் பொய்த்தால் ஏன் பொய்த்தது என்ற விசாரணை: பிழை தேடும் கலை முழுவதும் இதற்குள் அடங்கும்.

பெரியவர்கள் இந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டார்கள் என்று நினைப்பதும் பிரமையே. வரிசையாக அடுக்கிய பட்டியலில் ஒன்றைத் தேட, நடுவில் திறந்து பார்த்து, வேண்டாத பாதியை ஒதுக்கி, மீதியை மறுபடியும் பாதியாக்கும் பைனரி சர்ச் என்னும் முறை 1946-லேயே எழுத்தில் வந்துவிட்டது. ஆனால் எல்லா அளவுப் பட்டியலுக்கும் இயங்கும் வடிவம் அச்சில் வந்தது 1960-இல்தான் என்று கணிப்பொறியியல் அறிஞர் டொனால்ட் நூத் குறித்திருக்கிறார். ஜான் பென்ட்லி என்ற அறிஞர், அனுபவம் வாய்ந்த நிரலாளர்களுக்கு இதையே பயிற்சியாகக் கொடுத்து, இரண்டொரு மணி நேர அவகாசமும் அளித்தபோது, பத்தில் ஒன்பது பேருடைய நிரல்களில் பிழை இருந்ததாக 1986-இல் வெளியான தம் நூலில் எழுதினார். அதே நூலில் அவர் தர்க்கரீதியாக நிரூபித்துக் காட்டிய வடிவத்திலும் ஒரு பிழை ஒளிந்திருந்தது. அதைப் பின்பற்றி ஜாவா மொழியின் நூலகத்திற்கு எழுதிக்கொடுத்த ஜோஷுவா பிளாக், ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் அது யார் கண்ணிலும் படாமல் கிடந்ததை 2006-இல் தாமே ஊரறியச் சொன்னார். நடுவிடத்தைக் காண இரு எல்லைகளையும் கூட்டி இரண்டால் வகுக்கும் சாதாரண வரிதான் அது. பட்டியல் மிகப் பெரிதாகி, கூட்டுத்தொகை 2147483647 என்ற உச்ச வரம்பைத் தாண்டும்போது, எண் புரண்டு எதிர்மறையாகிவிடுகிறது. தம் குருவின் நூலிலும் தம் சொந்த நிரலிலும் இருந்த குற்றத்தை, காரணத்தோடும் திருத்தத்தோடும் பகிரங்கமாக எடுத்துவைத்த அந்தச் செயலை, இத்துறையில் நேர்மை என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவேன்.

இனி, பிறரிடம் உதவி பெறுவது எதுவரை தகும் என்ற கேள்விக்கு வருவோம். யாரிடமும் எதையும் கேட்காமல் தனியே தவம் இருப்பதுதான் நேர்மை என்று கருதி வதங்கிப்போகிற மாணவர்களும் உண்டு; அவர்களுக்காக வருந்துகிறேன். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் டேவிட் மேலன் நடத்திவரும் சிஎஸ்50 என்னும் புகழ்பெற்ற தொடக்கப் பாடத்தில், உதவி கேட்கும்போது உங்கள் நிரலை மற்றவருக்குக் காட்டலாம், மற்றவருடையதை நீங்கள் பார்க்கலாகாது என்றொரு விதி உண்டு. எவ்வளவு நுட்பமான நியாயம்! காட்டுகிறவர் தம் பிழையைச் சுமந்துகொண்டு வருகிறார். உதவுகிறவர் அதன்மேல் விரல் வைத்துக் கேள்வி கேட்கிறார். திருத்துகிற வேலை உரியவரிடமே தங்கிவிடுகிறது. பார்க்கத் தொடங்கிவிட்டாலோ, ஒருமுறை கண்ட தீர்வைக் காணாததாக்கிக்கொள்ள எவராலும் இயலாது.

அமெரிக்கப் பாடங்கள் சிலவற்றில் கில்லிகன்ஸ் ஐலண்ட் விதி என்று பழைய தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் பெயரால் வழங்கும் ஏற்பாடு இன்னும் சுவையானது. நண்பர்களோடு கூடி எவ்வளவு வேண்டுமானாலும் விவாதிக்கலாம். ஆனால் குறிப்பு எதையும் எடுத்துக்கொண்டு போகக்கூடாது. போனபின் அரை மணி நேரம் அந்தத் தொடரைப் போல மூளைக்கு வேலையில்லாத ஏதாவது ஒன்றில் கழித்துவிட்டு, அதன் பிறகே உட்கார்ந்து எழுத வேண்டும். அரை மணிக்குப் பின்னும் நினைவில் நிற்பது புரிந்துகொண்டதாகவே இருக்கும் என்பது அதன் உட்கருத்து. நம் விடுதி அறைகளில் இதை இன்றிரவே பரீட்சித்துப் பார்க்கலாம், செலவு ஒன்றுமில்லை.

கேட்பதற்கு முன் ஒரு படி உண்டு. ஆண்ட்ரூ ஹண்ட், டேவிட் தாமஸ் இருவரும் 1999-இல் வெளியிட்ட நூல் ஒன்றினால் பிரசித்தமான ரப்பர் வாத்து முறைதான் அது: மேஜைமேல் ஒரு பொம்மை வாத்தை வைத்து, நிரலின் ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்று அதற்கு வாய்விட்டு விளக்குவது. விளக்கிக்கொண்டே வரும்போது, சொல்வதும் எழுதியதும் முரண்படும் வரியில் நாக்கு தானே நின்றுவிடும். வாத்தும் பயன்படாமல், அரை மணியோ ஒரு மணியோ நேர்மையாகப் போராடியும் வழி தெரியவில்லை என்றால் ஆசிரியரிடம் போங்கள். போகும்போது, என்ன எதிர்பார்த்தேன், என்ன வந்தது, இதுவரை எதையெதைச் செய்து பார்த்தேன் என்ற மூன்றையும் எழுதி எடுத்துக்கொண்டு போனால், எந்த ஆசிரியரும் முகம் சுளிக்க மாட்டார்.

செயற்கை நுண்ணறிவுக்கும் இதையே அளவுகோலாகக் கொள்ளலாம். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பிறகு, தொடக்க நிலைப் பயிற்சி எதையும் நொடியில் எழுதித் தரும் கருவி ஒவ்வொரு மாணவரின் கைப்பேசியிலும் வந்துவிட்டது. சிஎஸ்50 பாடத்தார் 2023-இல் மாணவர்களுக்கென்று தாங்களே ஒரு நுண்ணறிவு வாத்தை உருவாக்கி, அது வழி காட்டலாம், தீர்வை அப்படியே எடுத்துக் கொடுக்கலாகாது என்று வரம்பு கட்டினார்கள். வெளியிலுள்ள கருவிகளைப் பாடப் பயிற்சிக்குத் தடை செய்தார்கள். உங்கள் ஆசிரியர் வகுத்த விதி எதுவோ அதுவே முதலில் செல்லும். அவர் அனுமதித்திருந்தால், உங்கள் சொந்த நிரலும் அதன் பிழைச் செய்தியும் கையில் இருக்கும்போது, அந்தச் செய்தியின் பொருள் என்ன என்று கேளுங்கள். நிரலை எழுதித் தா என்று கேட்காதீர்கள். சாதகம் செய்ய வேண்டிய விடியற்காலையில் வித்வானின் கச்சேரிப் பதிவை ஓடவிட்டு உட்கார்ந்திருப்பவருக்குக் கேள்வி ஞானம் வளரலாம், தொண்டை திறக்காது.

இணையத்திலிருந்து ஒரு துண்டை எடுத்தாள நேர்ந்தால், எங்கிருந்து எடுத்தது, அதில் எதை மாற்றினேன் என்று நிரலின் தலைப்பிலேயே குறிப்பு வரியாக எழுதிவிடுங்கள். ஸ்டாக் ஓவர்ஃப்ளோ போன்ற தளங்களில் உள்ளவற்றை எடுத்தாள்பவர் மூலத்தைச் சொல்ல வேண்டும் என்பது அவற்றின் உரிம நிபந்தனையும்கூட. மொழியோடு வரும் நூலகத்தைப் பயன்படுத்துவதில் தவறில்லை. ஆனால் வரிசைப்படுத்தும் நிரலை எழுதுக என்பதே பயிற்சியாக இருக்கும்போது, நூலகத்தின் வரிசைப்படுத்தும் கட்டளையை ஒரே வரியில் அழைத்துவிட்டு நிமிர்வது, கேட்ட கேள்விக்குப் பதிலாகாது. என்பிடெல் போன்ற இணையவழிப் பாடங்களில் வெளிப்படையாகத் தெரியும் சோதனைகளுக்கு மட்டும் பொருந்துமாறு, இன்ன எண் வந்தால் இன்ன விடையை அச்சிடு என்று எழுதிவிடுவதும் இவ்வகையைச் சேர்ந்ததே. அங்கே மறைவான சோதனைகளையும் வைத்திருப்பது இதற்காகத்தான்.

அகப்படுவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1994-இல் அலெக்ஸ் ஐக்கன் உருவாக்கிய மாஸ் என்னும் கருவி, நிரல்களைச் சிறுசிறு துண்டுகளாக்கி, அவற்றிலிருந்து கைரேகை போன்ற எண்களைத் தேர்ந்தெடுத்து ஒப்பிடுகிறது. வேரியபிள்களின் பெயர்களும் இடைவெளிகளும் அதன் கணக்கில் சேர்வதில்லை. ஆகவே, நண்பரின் நிரலில் பெயர்களை மாற்றி, குறிப்பு வரிகளை நீக்கி, இரவெல்லாம் கண் விழித்து வேடம் கட்டுகிறவர், அந்த நேரத்தில் பாதியைச் செலவிட்டால் சொந்தமாகவே எழுதியிருக்கலாம்.

விடாமுயற்சிக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். அச்சுக்கோப்பு உலகையே மாற்றிய டெக் என்னும் மென்பொருளை உருவாக்கிய நூத், 1978 முதல் அதில் தாம் கண்டுபிடித்துத் திருத்திய ஒவ்வொரு தவற்றையும் குறித்துவந்து, எண்ணூற்றுக்கு மேற்பட்ட அந்தத் தவறுகளை வகைப்படுத்தி 1989-இல் ஒரு கட்டுரையாகவே வெளியிட்டார். தம் நூல்களில் பிழை காட்டுவோருக்கு 2 டாலர் 56 சென்ட் காசோலை அனுப்பும் வழக்கத்தையும் வைத்துக்கொண்டார். அவ்வளவு பெரியவர் தம் பிழைகளைப் பொக்கிஷம் போலச் சேர்த்துவைத்தார் என்றால், நமக்கு என்ன வெட்கம்? ஒரு சாதாரணக் கோடு போட்ட நோட்டு போதும். தேதி, என்ன எதிர்பார்த்தேன், என்ன நடந்தது, காரணம் என்ன, எப்படிக் கண்டுபிடித்தேன்: இவ்வளவே. முதல் மாதத்தில் பெரும்பாலும் செமிகோலனும் அடைப்புக்குறியுமாக இருக்கும். மூன்றாம் மாதத்தில் அவை அருகி, வளையத்தின் எல்லையில் ஒன்று கூடுவதும் ஒன்று குறைவதுமான தவறுகள் தலைகாட்டும். தாம் முன்னேறவில்லை என்று மனம் சோர்கிற மாணவர், தம் பிழைகளின் தரம் உயர்ந்திருப்பதை அந்த நோட்டில் பிரத்தியட்சமாகக் காண்பார். வைவாவுக்கு முந்திய இரவு படிக்கவும் இதைவிடச் சிறந்த நூல் அவருக்குக் கிடைக்காது.

இவ்வளவும் செய்தும் கெடு நெருங்கிவிடும் நாள் ஒன்று வரவே செய்யும். காய்ச்சலாகவோ குடும்பக் காரியமாகவோ இருக்கலாம். கணக்கே கடினமாக இருந்திருக்கலாம். நள்ளிரவுக்குள் ஒப்படைக்க வேண்டும், நிரல் பாதிதான் ஓடுகிறது என்றால், பாதி ஓடும் அந்த நிரலையே ஒப்படையுங்கள். இன்ன பகுதி ஓடுகிறது, இன்ன உள்ளீட்டுக்குத் தவறான விடை வருகிறது, காரணம் இதுவாக இருக்கலாம் என்று சந்தேகிக்கிறேன் என்று தலைப்பில் மூன்று வரி எழுதுங்கள். நிரலைப் படித்துப் பார்க்கும் ஆசிரியர் அந்த மூன்று வரிகளுக்கு மதிப்பெண் கொடுப்பார். எந்திரம் மட்டுமே திருத்தும் பாடமாக இருந்தால் சில மதிப்பெண்கள் போகும், போகட்டும்.

ஒருவேளை மனம் தளர்ந்து பிறருடையதை ஒப்படைத்துவிட்டீர்கள் என்றாலும் கதவு அடைபட்டுவிடவில்லை. சிஎஸ்50 பாடத்தில் 2014 முதல் ஒரு ஷரத்து உண்டு: ஒப்படைத்த 72 மணி நேரத்திற்குள் மாணவர் தாமாகவே வந்து ஒப்புக்கொண்டால், அந்தப் பயிற்சிக்குரிய மதிப்பெண்ணைக் குறைப்பதோ நீக்குவதோ போன்ற தண்டனையோடு பாடத்தார் நிறுத்திக்கொள்வார்கள், விஷயத்தை மேல் விசாரணைக்கு அனுப்புவதில்லை. உங்கள் கல்லூரியில் இப்படி ஒரு விதி எழுதப்பட்டிருக்காது. ஆயினும் மறுநாள் காலையிலேயே ஆசிரியரின் அறைக்குச் சென்று, நடந்ததைச் சொல்லி, ஒரு வாரம் அவகாசம் கேளுங்கள். அவகாசம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், பழைய கோப்பை மூடிவிட்டு, வெற்றுத் திரையில் அந்தப் பயிற்சியை முதல் வரியிலிருந்து நீங்களே எழுதுங்கள். அப்போது வரும் பிழைகளை அன்றைய தேதியிட்டு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.